கூடத்துச் சுவரில் சாமைக்கதிர்

அத்தியாயம் 9

பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு கையிலும் பை கனக்க மலைமேட்டில் ஏறி வந்த நதியாவுக்கு வாசலை நெருங்கும் முன்பே வாடை தெரிந்துவிட்டது. புதுப் பெயின்ட் வாடை. அந்த வீட்டில் பெயின்ட் டப்பாவைத் திறக்கிறவள் அவள் ஒருத்திதான். அவளோ விடியற்காலையிலிருந்து ஊரிலேயே இல்லை.

காலை ஆறு மணி பஸ்ஸில் அவளை ஒடுகத்தூருக்கு அனுப்பி வைத்தது அண்ணன் சின்னராஜ்தான். வெற்றிலை, பாக்கு, பூ, வாழைப்பழம், மிக்சர், காப்பித்தூள் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தான். மூன்று மணிக்கு அமிர்தியிலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். சின்னராஜுக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. இதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிற்று. 'வாழாவெட்டி தங்கச்சி வூட்டோட இருக்குதாமே' என்ற பேச்சுதான் இரண்டு முறையும் குறுக்கே நின்றது. இந்த இடமாவது நல்லபடி முடியட்டும் என்று நதியாவும் மறுபேச்சு இல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்வந்தாள்.

பைகளைக் கூடத்தில் போட்டுவிட்டு நேராகத் தன் அறைக்குப் போனாள்.

உள்ளே சின்னராஜ் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். கையில் ரோலர். மூன்று சுவர் வெள்ளையாகிவிட்டது. நான்காவதிலும் பாதி போயிற்று. ஒரு பூச்சுதான் பூசியிருந்தான் போல. வெள்ளைக்கு அடியில் அவள் பதித்திருந்த காவி நிறக் கதிர்கள் இன்னும் மங்கலாகத் தெரிந்தன.

"இன்னா அண்ணா பண்றே?"

அவன் திரும்பவில்லை. "வந்துட்டியா? பஸ்ஸு பன்னெண்டுக்குத்தான் வரும்னு நெனச்சேன்."

"இன்னா பண்றேன்னு கேட்டேன்."

"ஒண்ணுமில்ல. அவங்க பாத்துட்டுப் போற வரைக்கும்தான். அப்புறம் நீ மறுபடி போட்டுக்கோ."

"பாத்துட்டுப் போற வரைக்கும்னா கதவ சாத்தி வச்சா போதுமே. பெயின்ட் எதுக்கு?"

ரோலர் சுவரில் அப்படியே நின்றது.

"வூடு பாக்க வர்றவங்க ரூம தொறந்து பாக்காம போவாங்களா?" என்றான். "செவுரு பூரா கதிரும் எலையுமா போட்டு வச்சிருக்கே. விருந்தாளியா வந்தவ யாராவது செவுத்துல இப்படிப் பண்ணுவாளா? பாத்தவொடனே தெரிஞ்சுபோவும், இவ இங்கயே இருக்கப் போறவன்னு."

"இருக்கத்தான் போறேன்."

"அது அவங்களுக்கு இன்னிக்கே தெரியணுமா?"

"தெரியாம எப்படிப் போவும்? நான் இன்னா பூனையா, பரண்மேல ஏறிப் பதுங்கிக்க?"

சின்னராஜ் ரோலரை வாளியில் வைத்தான். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். சொல்ல வேண்டியதை அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"நீ புருஷனோட பெங்களூர்ல இருக்கறதா சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு மணிக்கு செல்லம்மா சித்தி வூட்டுக்குப் போய்ட்டு, அவங்க கெளம்பினப்புறம் வா. ஒரு சாயங்காலம்தான் நதியா. எனக்காக."

நதியா திரும்பி அறையை விட்டு வெளியே வந்தாள்.

சின்னராஜ் கெட்டவன் இல்லை. லாரி ஏறாத கடைசி ஒரு கிலோமீட்டருக்கு சிமென்ட் மூட்டையைத் தலையில் சுமந்தே இந்த வீட்டை எழுப்பியவன். எட்டு மாதத்துக்கு முன், வீடு பாதி எழும்பியிருந்த சமயத்தில் அவள் துணிப்பையோடு வந்து நின்றபோது, ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தவன். அதனால்தான் இப்போது அவளுக்கு அதிகமாக வலித்தது.

அவள் புருஷன் சுரேஷ் ஒடுகத்தூர் பக்கம் பெயின்டிங் வேலை எடுத்துச் செய்கிறவன். ஐந்து வருஷமாகக் குழந்தை இல்லை என்று, "இன்னொருத்திய கட்டிக்கினு வர்றேன், நீயும் இங்கயே இருந்துக்கோ, சோறாக்க ஆள் வேணுமில்ல" என்றான். மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் ஏறிவிட்டாள். துணிப்பையோடு ஒரு தாள் சுருளும் கொண்டுவந்தாள். வெந்நீரில் ஊறப்போட்டுக் கழுவிய பழைய எக்ஸ்ரே தாள்களில் அவளே பிளேடு பிடித்து வெட்டிய அச்சுகள் அவை. சுவரில் ஒட்டி, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் பூவும் கொடியுமாகப் பதியும் ஸ்டென்சில். சுரேஷ் வேலை எடுத்த வீடுகளின் கூடத்திலும் படுக்கையறையிலும் அதைப் பதித்தது அவள் கைதான்.

அங்கே கேட்டதெல்லாம் ரோஜாவும் மயிலும். இங்கே தனக்கென்று ஓர் அறை கிடைத்ததும் புதிதாக ஓர் அச்சு வெட்டினாள். முற்றித் தலை சாய்ந்த சாமைக்கதிர், பக்கத்தில் இரண்டு நீள இலை. நான்கு நாள் உட்கார்ந்து நான்கு சுவரிலும் பதித்தாள். கடைசிக் கதிரைப் பதித்த அன்றுதான் துணிப்பையைக் காலி செய்து அலமாரியில் அடுக்கினாள்.

அடுப்படியில் அம்மா அம்மாக்கண்ணு கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்று நதியா கேட்டாள்.

கரண்டி நிற்கவில்லை. "அவனுக்கும் வயசாவுது இல்ல," என்றாள் அம்மா.

பன்னிரண்டு மணிக்குச் சின்னராஜ் நாற்காலி கேட்டு வாங்கிவர மேல்தெருவுக்குக் கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டியபடியே, "ரெண்டு மணி," என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனான்.

நதியா தன் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கூடத்துக்கு வந்தாள். வீட்டுக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற நடுச்சுவர் வெறுமையாக இருந்தது. அண்ணன் கேட்ட சந்தன நிறத்தை அவள்தான் பூசியிருந்தாள். அதில் தொங்கியது ஒரு காலண்டர் மட்டும். வருகிறவர்கள் இந்தச் சுவருக்கு எதிரில்தான் உட்காருவார்கள்.

காலண்டரைக் கழற்றினாள். ஆணியைப் பிடுங்கினாள்.

அறையிலிருந்து காவி டப்பாவையும் பச்சை டப்பாவையும் கொண்டுவந்து வைத்தாள். வரிசை நேராக வர நூலில் சுண்ணாம்புத் தூள் தடவி, ஒரு முனையை மூலையில் ஆணியடித்துக் கட்டினாள். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.

"யம்மா, இங்க வா."

அம்மாக்கண்ணு எட்டிப் பார்த்தாள். சுவரையும் நூலையும் மகளையும் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "வேணாண்டி. அவன் வந்தா குதிப்பான்."

"குதிக்கட்டும். இத புடி."

"இன்னிக்குப் பாத்தா பிடிவாதம் புடிக்கணும்?"

"இன்னிக்குத்தான் புடிக்கணும். என்னை இல்லேன்னு சொன்னது இன்னிக்குத்தானே."

அம்மா உள்ளே போய்விட்டாள். நதியா மறுமுனைக்கும் ஓர் ஆணி அடித்துக் கட்டினாள்.

வேலை தொடங்கியதும் கை தானாக ஓடியது. அச்சை டேப்பால் ஒட்டுவது, ஸ்பாஞ்சை லேசாகத் தொட்டு அட்டையில் ஒற்றி அதிகப்படியை எடுப்பது, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றிக்கொண்டு வருவது, தாளை நேராகத் தன் பக்கம் இழுத்து எடுப்பது. பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கதிர் அப்பிக்கொள்ளும். ஒரு வரிசை தலை சாய்ந்த கதிர், அடுத்த வரிசை எதிர்ப்பக்கம் சாய்ந்த கதிர். நாற்காலிமேல் ஏறி மேல் வரிசை இரண்டையும் முடித்துவிட்டு மூன்றாவதைத் தொடங்கினாள். கார்த்திகை மாதப் பனிமூட்டம் வாசல் வரைக்கும் இறங்கியிருந்தது. வழக்கமாக அரை மணியில் காய்கிற பெயின்ட் இன்றைக்கு ஒட்டிக்கொண்டே இருந்தது.

"எடது பக்கம் எறங்குது."

திரும்பிப் பார்த்தாள். அம்மா கையில் கேசரிக் கரண்டியோடு நின்றிருந்தாள்.

"இன்னாம்மா?"

"மூணாவது வரிசைடி. எடது பக்கம் எறங்கிக்கினு போவுது. ஆணி தளந்துபோச்சு." கரண்டியை ஜன்னலில் வைத்துவிட்டு வந்து, நூலின் முனையைப் பிடித்து இழுத்து, ஒரு விரல் மேலே தூக்கினாள். "இப்ப போடு."

நதியா போட்டாள். கீழ் வரிசைக்கு வரும்வரை அம்மா நூலை விடவில்லை.

சின்னராஜ் நாற்காலிகளோடு வந்தபோது மணி இரண்டே கால். கடைசி வரிசையில் நான்கு கதிர் பாக்கி இருந்தது. தலையிலிருந்த நாற்காலியை இறக்காமலே நின்று பார்த்தான்.

"ஒனக்கு நான் இன்னா சொன்னேன்?"

"சித்தி வூட்டுக்குப் போவச் சொன்னே. போவல."

நாற்காலிகளைத் தடாலென்று போட்டுவிட்டு உள்ளே போனான். வெள்ளை பெயின்ட் வாளியோடும் ரோலரோடும் திரும்பி வந்தான். அம்மாக்கண்ணு, "டேய்," என்று ஒரு சத்தம் கொடுத்தாள். நதியா அதட்டவும் இல்லை, குறுக்கே விழவும் இல்லை. நகர்ந்து வழிவிட்டாள்.

"அடி," என்றாள். "ஈரத்து மேல அடிச்சா ரெண்டும் கலந்து சேறு மாதிரி இழுக்கும். இருக்கற மூட்டத்துக்கு சாயங்காலம் வரைக்கும் காயாது. அவங்க வந்து உக்காந்து அதப் பாத்துக்கினு காப்பி குடிக்கட்டும். அடிண்ணா."

ரோலரிலிருந்து வெள்ளைச் சொட்டுகள் தரையில் விழுந்தன. அவன் சுவரைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். ரோலரை வாளியிலேயே திரும்பப் போட்டான்.

"யாரு போட்டதுன்னு கேட்டா ஒடுகத்தூர் பெயின்டர்னு சொல்லிடுவேன். நீ அடுப்படிய விட்டு வெளிய வரக் கூடாது."

"நீ சொல்றத நீ சொல்லு. நான் சொல்றத நான் சொல்றேன்."

கடைசிக் கதிரை ஒற்றி அவள் தாளை எடுத்தபோது கீழே ஜீப் ஹாரன் கேட்டது.

பெண்ணின் அப்பா முனிசாமி வனத்துறையில் வாட்சர். அவர் அப்பா காலத்தில் மலையிலிருந்து இறங்கி அமிர்தியில் தங்கிவிட்ட குடும்பம். கூட அவர் அக்கா அம்சவல்லியும், பங்காளிகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் நால்வர் பார்வையும் ஒரே இடத்துக்குப் போனது.

"மலைமேல இப்படி ஒரு செவுரா?" என்றார் முனிசாமி. "சாமை மாதிரியே இருக்குதே."

"சாமைதாங்க," என்றான் சின்னராஜ். குரல் இறங்கியிருந்தது.

அம்சவல்லி உட்காரவில்லை. போனை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தாள். "எங்க பொண்ணு நிவேதா பாத்தா சந்தோஷப்படும்," என்றபடி கிட்டப் போய், கீழ் வரிசையில் ஒரு இலையைத் தொட்டாள். விரல் பச்சையாக வந்தது.

"இன்னும் காயலயே. இன்னிக்குப் போட்டதா?"

"ஆமாங்க. ஒடுகத்தூர் பெயின்டர் ஒருத்தரு. காலையில வந்து போட்டுட்டு இப்பதான் கெளம்பினாரு."

"எப்படி எறங்கிப் போனாரு? வர்ற வழியில ஒரு வண்டியையும் காணோமே."

சின்னராஜ் வாயைத் திறப்பதற்குள் நதியா காப்பித் தட்டோடு வெளியே வந்தாள். புடவையை மாற்றவில்லை. கையைக் கழுவியிருந்தாள், ஆனால் நகக்கண்ணில் காவியும் பச்சையும் போகவில்லை. ஒவ்வொருவருக்கும் டம்ளரைக் கொடுத்தாள். அம்சவல்லி டம்ளரை வாங்காமல் அவள் விரல்களையே பார்த்தாள்.

"இது யாரு?" என்றாள்.

"பக்கத்து வூடு..." என்று சின்னராஜ் ஆரம்பித்தான்.

"நான்தாங்க செவுத்துல போட்டேன்," என்றாள் நதியா. "பெயின்டர்னு அண்ணன் சொன்னது தப்பில்ல. நானும் பெயின்டர்தான். பேரு நதியா. இவரு கூடப் பொறந்தவ. பெங்களூர்ல இல்ல. புருஷன் வேணாம்னு வந்து எட்டு மாசம் ஆவுது. இந்த வூட்லதான் இருக்கேன், இனிமேட்டும் இங்கதான் இருப்பேன். பொண்ணு குடுக்கறவங்க தெரிஞ்சு குடுக்கணுங்க. அதான் சொல்லிட்டேன்."

அம்சவல்லியின் டம்ளரை அவள் அருகே வைத்துவிட்டு, தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

முனிசாமி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமலே கீழே வைத்தார்.

"தங்கச்சி பொறந்த வூட்ல இருக்கறது ஒரு விஷயமே இல்லப்பா," என்றார் சின்னராஜைப் பார்த்து. "நம்ம சனத்துல இல்லாததா? ஆனா நீ மறைச்சியே. கேட்டதுக்கு ஒண்ணு சொன்னே, இப்ப பக்கத்து வூடுன்னு இன்னொண்ணு சொல்ல வந்தே. பொய்யில ஆரம்பிக்கற எடத்துல நான் எப்படி நம்பிப் பொண்ண அனுப்பறது?"

சின்னராஜ் தலையைக் குனிந்துகொண்டான். பங்காளிகள் இருவரும் எழுந்துவிட்டார்கள். அம்சவல்லி போனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஜீப் சத்தம் வளைவில் கரைந்து போகும்வரை மூவரும் கூடத்திலேயே நின்றார்கள். வெற்றிலைத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. காப்பியில் ஆடை கட்டிவிட்டது.

"மூணாவது எடம்," என்றான் சின்னராஜ்.

"அண்ணா..."

"பேசாத. நாளைக்குக் காலையில கெளம்பிடு. எங்க வேணா போ. உன்னால நான் இந்த வூட்ல கெழவனாயி சாவ முடியாது."

"அவ எங்கயும் போவ மாட்டா."

சொன்னது அம்மாக்கண்ணு. காலையிலிருந்து மகனுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசாதவள், கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"இது கவுர்மெண்டு வூடு. என் பேர்ல குடுத்தது. செமெண்டு சொமந்தது நீ, இல்லேன்னு சொல்லல. செவுத்துக்கு ரெண்டு வேளை தண்ணி ஊத்தி, பட்டி பூசி, பெயின்ட் அடிச்சது யாரு, இவதானே? நீ வாயத் தொறந்து அவள இல்லேன்னு சொன்னப்ப நானும் வாய மூடிக்கினு இருந்துட்டேன். அதுதான் தப்பு. போன்னு இன்னொரு தபா சொல்லாத."

சின்னராஜ் அம்மாவைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. கோபமா, அவமானமா என்று நதியாவுக்குத் தெரியவில்லை. விருட்டென்று வெளியே போய்விட்டான்.

நதியா அழவில்லை. அழுதால் அம்மாவும் அழுவாள். தன் அறைக்குப் போய், மேலே இழுத்துப் பூசப்பட்டிருந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தாள். காலையிலேயே பூசியது, ஒருவழியாகக் காய்ந்திருந்தது. அண்ணன் மனசு உடைந்ததற்கு அவளுக்கு வருத்தம் இருந்தது. சொன்னதற்கு வருத்தம் இல்லை. இரண்டையும் அவள் குழப்பிக்கொள்ளவில்லை. டப்பாவைத் திறந்து, முதல் அச்சை ஒட்டினாள்.

ஆறு மணி இருக்கும். நாலாவது வரிசையில் ஒரு கதிர் பாதியில் நிற்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. சின்னராஜ். கையில் போன் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"உன்கிட்டதான் பேசணுமாம்."

"யாரு?"

"அந்தப் பொண்ணு. நிவேதா." அவன் முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

நதியாவின் கை இரண்டும் பெயின்ட். அவனே போனை அவள் காதில் வைத்துப் பிடித்தான்.

"உங்க அண்ணன் பக்கத்துல இருக்காருங்களா?" மெல்லிய குரல். ஆனால் தயங்கவில்லை.

"இருக்காரு."

"அவரு காதுல விழாம பேசணுங்க."

நதியா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். பின்பக்கம் துணி துவைக்கிற கல்லருகே போய் நின்றாள். "இப்ப சொல்லு."

"அத்தை போட்டோ அனுப்பிச்சாங்க. நீங்க பேசினதையும் சொன்னாங்க. எங்கப்பா அங்க பொய்யப் பத்திப் பேசினாராமே."

"பேசினாரு."

"எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சுங்க. திருவண்ணாமலை பக்கம் குடுத்தாங்க. பத்து மாசம் இருந்தேன். முடியல, வந்துட்டேன். பெரியவங்க உக்காந்து பேசித் தீத்து உட்டுட்டாங்க. அத உங்க அண்ணன்கிட்ட யாரும் சொல்லல. சொல்லக் கூடாதுன்னு அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கி வச்சிருக்காரு."

நதியா கல்லின்மேல் உட்கார்ந்தாள். மத்தியானம் தலை குனிந்து நின்ற அண்ணன் கண்முன் வந்தான். முனிசாமிமேல் கோபம் சுள்ளென்று ஏறியது.

"இத ஏன் என்கிட்ட சொல்றே?"

"நீங்கதானே சொன்னீங்க, தெரிஞ்சு குடுக்கணும்னு. எடுக்கறவங்களுக்கும் தெரியணும் இல்லீங்களா? நாளைக்கு மொத பஸ்ல வர்றேன். அப்பாவுக்குத் தெரியாது. உங்க அண்ணன்கிட்ட நானே என் வாயால சொல்லணும். அது வரைக்கும் நீங்க சொல்லிடாதீங்க. இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும்."

மலைச்சரிவில் மூட்டம் கருத்துக்கொண்டிருந்தது. இந்தப் பெண் எப்படி இருப்பாள் என்று நதியாவுக்குத் தெரியாது. படம்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தக் குரலை நம்பலாம் என்று பட்டது.

"வா," என்றாள். "நான் பஸ்ஸுக்கு வந்து நிக்கறேன்."

அறைக்குத் திரும்பியபோது சின்னராஜ் சுவரோடு சுவராக நின்றிருந்தான். இரண்டு உள்ளங்கையாலும் அச்சுத் தாளை அழுத்திப் பிடித்திருந்தான்.

"டேப்பு உட்டுப்போச்சு. நழுவுச்சு. அதான் புடிச்சிக்கினு இருக்கேன்," என்றான்.

நதியா போனை அவன் சட்டைப் பையில் போட்டாள். ஸ்பாஞ்சை எடுத்து, அட்டையில் ஒற்றி, அவன் விரல்களுக்கு நடுவில் கதிரின் பாக்கிப் பாதியை ஒற்றத் தொடங்கினாள்.

"வேணாம்னு சொல்லிட்டாளா?"

நாலு பேர் எதிரில் தயங்காத நாக்கு இப்போது தயங்கியது. அவள் ஒரு இலையை முடித்தாள். அடுத்த இலைக்குப் போனாள்.

"வேணாம்னு சொல்லல," என்றாள். அது பொய் இல்லை.

"அப்ப இன்னாதான் சொன்னா?"

சுவரிலிருந்து கையை எடுக்காமல், தலையை மட்டும் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தபடி சின்னராஜ் காத்திருந்தான்.